அடுப்பில் தூங்கிய பூனை

'அவன் வீட்டு அடுப்பில் பூனை தூங்குது' என்று ஊர்ப்பக்கம் சொல்வார்கள். கேட்டிருப்பீர்கள். சமைக்க வழியில்லை, அடுப்பு எரிந்து பல நாளாச்சு என்று அர்த்தம். பட்டினியைச் சொல்ல இதைவிட நறுக்கான வாக்கியம் எனக்குத் தெரியாது. ஆனால், அதைக் கேட்கும்போதெல்லாம் அந்த வீட்டு மனிதனைப் பற்றித்தான் கவலைப்படுகிறோம். பூனை எதற்கு அங்கே போய்ப் படுத்தது?

குளிருக்கு. விறகடுப்புக் காலத்தில் ராத்திரி சமையல் முடிந்து தணல் அவிந்த பிறகும், சாம்பலில் வெதுவெதுப்பு வெகுநேரம் தங்கும். பூனை சத்தமில்லாமல் வந்து சுருண்டுகொள்ளும். விடிந்ததும் பாட்டி அதை விரட்டிவிட்டு அடுப்பு மூட்டுவாள். உச்சிவெயில் நேரத்திலும் பூனையை யாரும் எழுப்பவில்லை என்றால்தான் அந்த வீட்டில் சோறு இல்லை.

ஜப்பானியர்களும் இந்தப் பூனையைப் பார்த்திருக்கிறார்கள். 'கமாடோ நெக்கோ' என்று பெயர். அடுப்புப் பூனை! ஹைக்கூ எழுதுகிறவர்களுக்குப் பருவச் சொற்களின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் இது குளிர்காலத்துக்கான சொல். அதே பூனை, அதே சாம்பல். அவர்களுக்குக் குளிர் ஞாபகம் வந்தது, நமக்குப் பசி ஞாபகம் வந்தது.

'சென்னையில் ஏது சார் குளிர்?' என்பீர்கள். நியாயம்தான். ஜனவரி விடியற்காலையில் 20 டிகிரிக்குப் பக்கத்தில் வந்தாலே நாம் மங்கி குல்லா தேடுகிற ஆசாமிகள். பூனைக்கோ உடம்பின் சூடு 38 டிகிரிக்கு மேல். சுற்றுப்புறம் 30 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே, தன்னைச் சூடாக வைத்துக்கொள்ள அது கூடுதலாகச் சக்தி செலவழிக்க வேண்டும். வெறும் வயிற்றில் அலைகிற தெருப்பூனைக்கு அது பெரிய செலவு. பி.காம். படித்தவன் புத்தி, எனக்கு இப்படித்தான் புரிகிறது: வரவே இல்லாத கணக்கில் தினமும் பற்று. பிறந்து சில வாரமே ஆன குட்டிகளுக்குத் தன் சூட்டைத் தானே காக்கத் தெரியாது. அதிலும் நம் ஊர் குளிர் மழையோடு வருகிறது. ரோமம் நனைந்துவிட்டால் ஸ்வெட்டரைக் கழற்றின மாதிரிதான்.

காரணம் அதன் பூர்வீகம். இன்றைய வீட்டுப் பூனைகள் எல்லாம் மேற்காசியப் பக்கத்துக் காட்டுப்பூனையின் வாரிசுகள் என்று 2007-ல் மரபணு ஆராய்ச்சி சொன்னது. வெயிலில் காய்ந்த பூமிக்காரர்கள். தானியம் சேர்த்தோம், எலி வந்தது, எலியைத் தேடி அதுவும் வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 வருடங்களுக்கு முந்தைய புதைகுழி ஒன்றில் மனிதனுக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையும் கிடந்ததை 2004-ல் அறிவித்தார்கள். அப்போதிருந்தே நம் சூட்டை ஒட்டித்தான் அதன் குடித்தனம்.

ரஷ்யாவில் 1745-ல் மகாராணி எலிசவேத்தா, கஸான் நகரத்திலிருந்து பூனைகளை அரண்மனைக்கு வரவழைத்தார். எலித் தொல்லை! பீட்டர்ஸ்பர்க்கின் அந்தக் குளிர்கால அரண்மனை இன்று ஹெர்மிடாஜ் மியூசியம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி நகரத்தை முற்றுகையிட்டபோது மனிதர்களே பட்டினியில் செத்தார்கள், பூனைகள் எங்கே பிழைப்பது? போருக்குப் பிறகு புதிதாக வந்த வம்சம் இப்போது அடித்தளத்தில், வெந்நீர்க் குழாய்களுக்குப் பக்கத்தில் சுகமாகத் தூங்குகிறது. வெளியே பனி கொட்டினாலும் கவலையில்லை.

நம்மிடம் இருந்தது அடுப்பு ஒன்றுதான். கேஸ் வந்தது, அடுப்பு மேடைமேல் ஏறியது, சாம்பல் போச்சு. அம்மாக்களின் நுரையீரல் பிழைத்தது, அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. பூனைதான் பாவம், புது அடுப்பு தேடியது. காரின் பானெட்டுக்குள் கண்டுபிடித்தது.

பாடிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா என்று அறுபதுகளிலிருந்தே காரின் உறுப்புகளைச் செய்து அனுப்புகிற பேட்டை அது. சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பர் ராத்திரி, அங்கே நண்பர் வீட்டு வாசலில் என் காரை நிறுத்தியிருந்தேன். விடிய விடிய மழை. காலையில் அவசரமாக ஏறி சாவியைத் திருப்பினேன். ஒரு சத்தம். அதை எழுதிக் காட்ட விருப்பமில்லை. பானெட்டைத் திறந்தால் ஃபேன் பெல்ட் ஓரமாக ஒரு குட்டி, போய்விட்டது. பேட்டரிக்குப் பின்னால் இன்னொன்று, உயிரோடு. நண்பரின் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் பழைய பேப்பர் எடுத்து வந்தார். தாய்ப்பூனை எதிர்ச் சுவரில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஜப்பானில் 2015-ல் நிசான் கம்பெனியே இதற்காக ஒரு பிரசாரம் தொடங்கியது. 'நெக்கோ பன் பன்.' நெக்கோ என்றால் பூனை, பன் பன் என்பது தட்டுகிற சத்தம். வண்டியை எடுக்கும் முன் பானெட்டை நாலு தட்டு தட்டுங்கள், அவ்வளவுதான். அன்றைக்கு நான் தட்டியிருந்தால் ஐந்து விநாடி ஆகியிருக்கும்.

குளிர் என்றதும் பேகனைச் சொல்லாமல் விட முடியாது. பழனிமலைப் பக்கத்தை ஆண்ட வள்ளல். மயில் குளிரில் நடுங்குகிறது என்று நினைத்துத் தன் போர்வையைக் கொடுத்தவன். (அதே பேகன் மனைவி கண்ணகியைப் பிரிந்து அழவிட்டதைக் கபிலரும் பரணரும் புறநானூற்றில் நேராகவே கேட்டுவிட்டார்கள், அது தனிக் கதை.) மனசு பெரிசு, சந்தேகமில்லை. ஆனால் மழைக்காலத்தில் துணி ஈரத்தைக் குடித்து அப்படியே வைத்துக்கொள்ளும். அதில் படுக்கிற பிராணிக்குக் குளிர் இன்னும் ஜாஸ்தியாகும். கோணியும் அப்படியே.

வைக்கோல்தான் சரி. தண்டுக்குள்ளும் இடுக்கிலும் காற்று நிற்கும், தண்ணீர் வடிந்துவிடும். மீன் கடையில் தூக்கிப் போடுகிற தெர்மாகோல் பெட்டியைக் கழுவி, பூனை நுழைகிற அளவுக்கு ஆறு அங்குல ஓட்டை போட்டு, வைக்கோல் திணித்து, இரண்டு செங்கல்மேல் ஏற்றி, மழை அடிக்காத மூலையில் வைத்தால் போதும். பெட்டி பெரிசாக இருக்கக்கூடாது. பெரிய பெட்டியைப் பூனையின் உடம்புச் சூட்டால் நிரப்ப முடியாது.

மறு வாரமே நண்பரின் அம்மா மாடிப்படிக்கு அடியில் அப்படி ஒன்று வைத்தார். தாய்ப்பூனை பத்து நாள் அதைச் சீந்தவே இல்லை. பகலில் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து வெயில் காய்ந்தது, மீன் வாசனையை முகர்ந்தது, போய்விட்டது. பதினோராம் நாள் ராத்திரி நல்ல மழை. அம்மா டார்ச் அடித்துப் பார்த்தபோது உள்ளே நாலு கண்கள் பளபளத்தனவாம்.