மன்னார்க் கரையும் நடுத்தீர்வையும்

மன்னார்த் தீவின் தென்கிழக்கு முனையில், பழைய கோட்டைக்கு அணித்தாய் அமைந்த நகர்ப்புறத்தில் உப்புக்குளம் என்றோர் இடம் உண்டு. உப்பும் மீனும் முத்தும் தந்த கடலை நம்பி மக்கள் வாழ்ந்த கரை இது. பள்ளிவாசற் பாங்கொலியும் தேவாலய மணியோசையும் கலந்து ஒலிக்கும் இந்நகரில், ஒவ்வொருவரும் தத்தம் செயலுக்குக் கடவுள்முன் கணக்குக் கொடுக்கும் நாளொன்று உண்டு என்னும் நம்பிக்கை இஸ்லாமியர்க்கும் கிறிஸ்தவர்க்கும் பொதுவானது. அவற்றுட் கிறிஸ்தவ நம்பிக்கை இக்கரையில் எவ்வாறு வேரூன்றியது, மக்கள் வாழ்வை எவ்வாறு நெறிப்படுத்தியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலிற் சொல்லை நோக்குவோம். தமிழ்க் கத்தோலிக்கர் இறுதித் தீர்ப்பினை நடுத்தீர்வை என்றே நெடுங்காலம் வழங்கி வந்தனர். நடு என்பது ஒருபாற் கோடாமையைக் குறிப்பது. வள்ளுவர் நடுவுநிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். உயிர்களைக் கவரும் யமனுக்கு நடுவன் என்றும் சமன் என்றும் பெயர்கள் உண்டு. அரசனென்றும் ஆண்டியென்றும் அவன் வேறுபாடு பாரான். மேனாட்டிலிருந்து வந்த ஒரு கொள்கை, தமிழர் தம் அறவுணர்விற் பழகிய சொல்லையே தனக்கு ஆடையாக அணிந்துகொண்டது என்பது ஈண்டு நோக்கற்பாலது.

எனினும் சொல் ஒத்திருத்தலால் கொள்கையும் ஒன்றென எண்ணுதல் தவறாகும். சைவ சித்தாந்தம் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என வினையை மூவகைப்படுத்தி, பிறவிதோறும் அதனை நுகர்ந்து கழித்து, ஈற்றில் இறைவன் அருளால் உயிர் வீடுபெறும் எனக் கூறும். கிறிஸ்தவர்க்கோ பிறவி ஒன்றே. இறந்தவுடன் ஒவ்வோர் ஆன்மாவும் பெறுவது தனித்தீர்வை. உலக முடிவில் மரித்தோர் உடலோடு எழ, மாந்தர் அனைவர்முன்னும் நிகழ்வது பொதுத்தீர்வை. அந்நாளிற் கேட்கப்படும் வினா யாது? பசித்தவனுக்கு உணவும் தாகமுற்றவனுக்கு நீரும் அளித்தாயா, அந்நியனை ஏற்றாயா, சிறைப்பட்டவனைக் கண்டாயா என்பதே மத்தேயு சுவிசேடத்தின் இருபத்தைந்தாம் அதிகாரம் காட்டும் அளவுகோல். ஆதலின் நடுத்தீர்வை என்பது வருங்காலம் பற்றிய செய்தி மட்டுமன்று. இன்றைய ஒழுக்கம் பற்றிய கட்டளையுமாம்.

இக்கொள்கை இக்கரையை அடைந்த வரலாறு வருமாறு. 1535 முதல் 1537 வரையுள்ள ஆண்டுகளில் முத்துக்குளித்துறைப் பரதவர் போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடி ஞானஸ்நானம் பெற்றனர். 1542இல் அங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், தமிழும் போர்த்துக்கேயமும் அறிந்தோர் துணைகொண்டு விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனைகள், முதன்மையான செபங்கள் ஆகியவற்றைத் தமிழாக்குவித்தார். பின்னர் அவற்றைத் தாமே மனனஞ் செய்து, கையில் மணியேந்தித் தெருத்தோறுஞ் சென்று, சிறுவரையும் பெரியோரையும் கூட்டி ஓதுவித்தார். 1544 சனவரியில் அவர் எழுதிய மடல் இதனை விரிவாகக் கூறுகின்றது. வாழ்வோரையும் மரித்தோரையும் நடுத்தீர்க்கக் கிறிஸ்து வருவார் என்பது அப்பிரமாணத்தில் அடங்கிய ஓர் உறுப்பு. ஏட்டறிவு இல்லாத மக்களும் அதனை நாவிற் பயின்றனர்.

அதே ஆண்டில் மன்னார்த் தீவின் மக்கள் சவேரியாரைத் தம்மிடம் வருமாறு வேண்டினர். அவர் தமக்குப் பதிலாக ஒரு குருவை அனுப்பினார். பலர் ஞானஸ்நானம் பெற்றனர். யாழ்ப்பாணத்தை அப்போது ஆண்ட சங்கிலி மன்னன் படையுடன் வந்து அவர்களைக் கொல்வித்தான். கொல்லப்பட்டோர் அறுநூறு முதல் எழுநூறு வரையினர் என்பது மரபு. தோட்டவெளியில் அவர்கள் நினைவு இன்றும் போற்றப்படுகின்றது. புதிதாய்ப் பெற்ற விசுவாசத்தைக் கைவிடாது உயிர் துறந்தனர் எனக் கத்தோலிக்கர் அவர்களை வேதசாட்சிகளாகக் கொள்வர். அவர்கள் பெற்ற போதனை சில திங்களுக்கு உட்பட்டது. நீண்ட நூற்பயிற்சி அவர்க்கு இருந்திருக்க இடமில்லை. மன்னன் தீர்ப்பே முடிந்த தீர்ப்பன்று என்னும் ஒரு கருத்து அவர் உள்ளத்திற் பதிந்திருந்ததெனின், அதுவே அவர்க்குப் போதுமானதாயிற்று எனலாம்.

இதனைத் தொடர்ந்த நிகழ்ச்சி நம் சிந்தனைக்குரியது. மன்னனைத் தண்டிக்கப் போர்த்துக்கேய ஆளுநர் கட்டளையிட்டார். அப்படையெடுப்பை எதிர்நோக்கி 1545இல் சவேரியார் நாகபட்டினம் சென்றார். ஆனால், பெகுவிலிருந்து சரக்கேற்றி வந்த போர்த்துக்கேயக் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்ட, அதன் பொருள்களை மன்னன் கைப்பற்றினான். பொருளை மீட்கும் கவலையே முன்னிற்கப் படையெடுப்புக் கைவிடப்பட்டது. கிறிஸ்தவ அரசின் நீதித் தராசிலே மாண்ட உயிர்களினும் கப்பற் சரக்கே கனத்தது. பதினைந்து ஆண்டுகளின் பின், 1560இல், போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்தனர். அதற்கும் முத்துச்சலாபமும் கடல்வழியும் காரணமாகாமல் இல்லை.

மற்றொரு சோதனை 1658இல் வந்தது. மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் வென்ற ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றி, அவர்களுக்குப் புகலிடம் அளிப்பதைக் கொடுங் குற்றமாக்கினர். 1687இல் யோசே வாஸ் அடிகள் ஏழைக் கூலியாளின் கோலத்தில் கோவையிலிருந்து யாழ்ப்பாணம் வந்து சேரும் வரை, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் மக்கள் நிலையான குருமாரின்றியே இருந்தனர். மாந்தையிலிருந்த மாதாவின் திருவுருவம் 1670இல் வன்னிக் காட்டினுள் மடுவுக்குக் கொண்டு செல்லப்பட்டது என்பதும் இக்கால மரபே. வாள்முன் ஒரு கணத்தில் உயிர் கொடுத்தல் ஒருவகை உறுதி. காண்பாரும் பாராட்டுவாரும் இன்றி முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் செபங் கற்பித்து வாழ்தல் மற்றொருவகை உறுதி. பின்னதே பெரும்பாலார்க்கு வாய்க்கும் விசுவாச வாழ்வு ஆகும்.

இனி, இவ்வரலாற்றை நாம் எவ்வாறு தீர்ப்பிடுவது? சிலர் சங்கிலியைக் கொடுங்கோலன் என்பர்; சிலர் அந்நியரைத் தடுத்த வீரன் என்பர். மதமாற்றம் அக்காலத்தில் அரசியற் சார்பு மாற்றமாகவும் அமைந்தது. கரையை இழக்கும் அச்சம் மன்னனுக்கு இருந்தமை உண்மை. அவ்வச்சம் படைக்கலமற்ற குடிகளைக் கொன்றதை நியாயமாக்காது. அதுபோல, மன்னாரிற் சிந்திய இரத்தம், தேவாரப் பாடல் பெற்ற திருக்கேதீச்சரத்தைப் போர்த்துக்கேயர் இடித்தமையை நியாயமாக்காது. 1990இல் வடமாகாண முஸ்லிம்கள் துரத்தப்பட்டபோது இத்தீவின் குடும்பங்களும் வீடிழந்தன. அதனையும் எவர் துன்பத்தைக் காட்டியும் நியாயமாக்கல் ஆகாது.

நடுத்தீர்வைக் கொள்கை தன்னை நம்புவோரையே முதலில் விசாரிக்கும். ஞானஸ்நானம் பெற்றவன் என்பதால் எவனும் அவ்விசாரணையினின்று விலக்கப்படான். அரசனும் குருவும் வணிகனும் அங்கே ஒரே வரிசையில் நிற்பர். இறுதித் தீர்ப்பு மனிதனுடையதன்று எனக் கொள்பவன், பிறனைத் தண்டிக்க விரையான். தன் கணக்கை நேராக்கவே விரைவான். சமயத்தால் வேறுபட்ட மாணவராகிய நாமும் இதிற் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. வரலாறு எழுதுவோன் இறுதி நடுவன் அல்லன். ஆயினும் தன் இனத்தார் செய்த தவற்றையும் பிறர் செய்த தவற்றையும் ஒரே கோலால் அளக்கும் நடுவுநிலைமை அவனுக்கும் கடன். அக்கடனை நாம் ஆற்றினால், மன்னார்க் கரையின் மணலில் மறைந்த பெயரற்ற மாந்தர்க்கு நம்மால் இயன்ற நீதி செய்தவராவோம்.