கொங்கு நாட்டில் குடி மீட்சி: மறியலிலிருந்து கூட்டம் வரை

முன்னுரை

குடிக்கு எதிரான போராட்டத்தில் கொங்கு நாட்டுக்கு நூறாண்டு வரலாறு உண்டு. ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியல், புதுப்பாளையம் ஆசிரமம், சேலம் மதுவிலக்கு ஆகிய மூன்றும் அதன் முக்கியக் கட்டங்கள். குடியை விட்டவர் மாலைப் பொழுதை எங்கே, யாரோடு கழிப்பார் என்ற கேள்விக்கோ, குடிநோயாளிகளே நடத்தும் கூட்டங்கள் வந்த பிறகுதான் நிலையான விடை கிடைத்தது. அந்த வளர்ச்சியை இக்கட்டுரை ஆராய்கிறது.

மறியலும் ஆசிரமமும்

1921-இல் ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியலில் பெரியாரின் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னின்றனர். கள் இறக்கப் பயன்படுவதால், தாதம்பட்டித் தோப்பிலிருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட தம் தென்னை மரங்களைப் பெரியார் வெட்டிச் சாய்த்தார்.

1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். அங்கே கதர்ப் பணியும் மதுவிலக்குப் பிரச்சாரமும் சேர்ந்தே நடந்தன. ராட்டைக் கூலி ஏழைப் பெண்களின் கைக்கு வந்தது. 1929-இல் மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ இதழ் வெளிவந்தது. அதன் ஆசிரியர் ராஜாஜி. உடனிருந்து உழைத்தவர் கல்கி.

சட்டத்தின் காலம்

சென்னை மாகாணப் பிரதமரான ராஜாஜி, 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை முதன்முதலாக நடைமுறைப்படுத்தினார். இன்றைய நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் அப்போது சேலத்தைச் சேர்ந்தவை. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. கடையை மூடியதோடு நில்லாமல், கிராமங்களில் விளையாட்டு, பஜனை போன்றவற்றையும் அரசு ஊக்குவித்தது. வெறுமையாகும் மாலை நேரம் குடித்தவரைத் திரும்பக் கடைக்கு இழுக்கும் என்பதை அன்றே உணர்ந்திருந்தார்கள். அந்த உணர்வு சட்டத்தைவிட ஆழமானது என்பது என் கருத்து.

சட்டம் நிலைக்கவில்லை. போர்க்காலத்தில் நிறுத்திவைக்கப்பட்டு, 1948-இல் மாகாணம் முழுவதும் பரவி, 1971-இல் தளர்த்தப்பட்டு, மீண்டும் வந்து, 1981-இல் மறுபடி விலகியது. 1983-இல் உருவான அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக், 2003-இல் சில்லறை விற்பனையையும் ஏற்றது.

நோய் என்ற பார்வை

சேலத்தில் சட்டம் வருவதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1935-இல், அமெரிக்காவின் ஆக்ரான் நகரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற மருத்துவரும் சந்தித்தனர். இருவரும் குடிநோயாளிகள். ஒரு குடிநோயாளியின் பேச்சு இன்னொரு குடிநோயாளியிடம் எடுபடும் என்ற அனுபவத்திலிருந்து ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ (ஏஏ) பிறந்தது. 1957-இல் அது மும்பையில் வேர் விட்டது. 1980-இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் டி.டி.ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். குடி ஒரு நோய், அதற்குச் சிகிச்சை உண்டு என்ற எண்ணம் தமிழகத்தில் பரவ இது பெரிதும் உதவியது.

கூட்டத்தின் இயல்பு

ஏஏ கூட்டம் பெரும்பாலும் பள்ளி வகுப்பறையிலோ தேவாலயக் கூடத்திலோ நடக்கும். உறுப்பினர் கட்டணம் இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. ஒருவர் பெயரைச் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்று தொடங்கித் தன் கதையைச் சொல்வார். மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்பார்கள். வாடகைக்கும் தேநீருக்கும் அவரவர் விரும்பியதைப் போடுவார்கள். இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்பது என்பதே இலக்கு. பிறர் வாழ்வை வெளியில் பேசக் கூடாது என்பது கட்டுப்பாடு. ‘நாலு பேருக்குத் தெரிந்தால் மானம் போகும்’ என்று அஞ்சும் ஊரில் இந்தக் கட்டுப்பாடே பலரைப் படியேற வைக்கிறது. குடும்பத்தாருக்கென 1951 முதல் அல்-அனான் தனியாக இயங்குகிறது.

இதன் பயனுக்குச் சான்றும் உண்டு. 27 ஆய்வுகளைத் தொகுத்த 2020-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, தொடர்ந்து குடிக்காமலிருக்க ஏஏ-யும் அதன் பன்னிரண்டு படி முறையைச் சார்ந்த சிகிச்சையும் மற்ற முறைகளைவிடக் கூடுதலாக உதவுவதாகக் கண்டது. ஆனால், தினமும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். அவருக்கு முதலில் மருத்துவர் வேண்டும், பிறகு கூட்டம்.

முடிவுரை

மதுவைச் சார்ந்துவிட்ட இந்தியர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் சிகிச்சை கிடைக்கிறது என்கிறது 2019-இல் வெளியான தேசிய ஆய்வு. வழி கேட்பவருக்கு 14446 என்ற கட்டணமில்லா எண் உண்டு. மருத்துவமனைகளின் மனநலப் பிரிவும் அருகிலுள்ள கூட்டத்தைச் சொல்லக்கூடும். ஆனால் தகவல் தேடி அலையும் மனநிலையில் குடிநோயாளி இருப்பதில்லை. வீட்டுப் பெண்கள்தான் அலைகிறார்கள். ஆகவே, கூட்டம் நடக்கும் இடமும் நேரமும் அரசு மருத்துவமனை வாசலில் பலகையாகத் தொங்க வேண்டும். திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் கைக்கு வருவது சனிக்கிழமை. அன்று மாலை தொழிலாளர் குடியிருப்புகளுக்கு அருகே ஒவ்வொரு பள்ளியும் ஒரு வகுப்பறையைத் திறந்துவிட்டால், சேலத்தில் 1937-இல் தொடங்கி அரைகுறையாய் நின்ற வேலை நிறைவேறும்.