சட்டைக் காலர்

சட்டையின் கழுத்து வளைவில் பொருத்தித் தைக்கப்படும் மடிப்புப் பட்டை காலர் எனப்படுகிறது. கழுத்தைச் சுற்றி நிற்கும் பட்டி, அதன்மேல் மடிந்து விழும் மேல்மடிப்பு, இவற்றுக்குள் மறைந்திருக்கும் கேன்வாஸ் துணி ஆகிய மூன்றும் இதன் உறுப்புகள். காலரின் வரலாறு, அதற்கு விறைப்பைத் தரும் வழிகள் மாறிவந்த வரலாறாகும். கஞ்சியிலிருந்து நெசவுக்கும், நெசவிலிருந்து பசை தடவிய கேன்வாஸுக்கும் அது நகர்ந்தது. மதுரையில் தோன்றிய நூற்பாலை ஒன்றும் இவ்வரலாற்றின் பிற்பகுதியில் இடம்பெறுகிறது.

தோற்றம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் காலர் பெரும்பாலும் கழற்றி மாட்டக்கூடியதாக இருந்தது. நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரில் ஹன்னா மாண்டேகு என்ற பெண், 1827-இல் கணவரின் சட்டையிலிருந்து காலரை மட்டும் வெட்டியெடுத்துத் துவைத்து, மீண்டும் இணைத்ததே இதன் தொடக்கம் எனச் சொல்லப்படுகிறது. பின்னர் அந்நகரில் காலர் தயாரிப்பு பெருந்தொழிலாயிற்று. கெட்டிக் கஞ்சி போட்டுத் தேய்த்த அக்காலர்கள் வடிவம் குலையாமல் நின்றன. ஆனால் விளிம்பு கழுத்தை அறுத்தது, வியர்வை பட்டதும் கஞ்சி இளகியது. கஞ்சிக்கு மாற்றாகச் செல்லுலாய்டு காலர்களும் சந்தைக்கு வந்தன. அவற்றைத் துடைத்தால் போதும். ஆனால் காற்று புகாது.

கஞ்சி இல்லாத விறைப்பு

ஜான் மேனிங் வான் ஹியூசன் 1919-இல் காப்புரிமை பெற்ற முறை கஞ்சிக் காலரின் இக்குறைகளுக்குத் தீர்வு தந்தது. பல அடுக்குத் துணியை ஒன்றாகப் பிணைத்து, வளைவாகவே நெய்வது அம்முறை. துணியே வளைந்திருந்ததால் காலர் கஞ்சியின்றி நின்றது, கழுத்தையும் உறுத்தவில்லை. பிலிப்ஸ்-ஜோன்ஸ் நிறுவனம் 1921-இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

சலவையில் துணி சுருங்குவது அடுத்த சிக்கல். சட்டையின் கழுத்துச் சுற்றளவு அரை அங்குலம் குறைந்தாலே மேல் பொத்தான் போட முடியாது. சான்ஃபோர்டு கிளூவெட் வகுத்த சான்ஃபரைசிங் முறை, துணியை வெட்டுவதற்கு முன்பே இயந்திரத்தில் சுருக்கிவிட்டு இச்சிக்கலைத் தீர்த்தது. 1930களில் பரவிய ட்ரூபனைசிங் முறையில் உள்துணியில் அசிடேட் இழைகள் சேர்க்கப்பட்டன. அவற்றைக் கரைப்பானாலும் வெப்பத்தாலும் இளக்கியபோது அடுக்குகள் ஒட்டிக்கொண்டன. பசைப் புள்ளிகள் தடவிய இன்றைய கேன்வாஸுக்கு இதுவே முன்னோடி.

மதுரை நூற்பாலை

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஹார்வி சகோதரர்களின் மதுரா மில்ஸ் நூற்பாலை 1889-இல் மதுரை ரயில் நிலையத்தையொட்டி நிறுவப்பட்டது.

1974-இல் மதுரா மில்ஸ், தையல் நூலுக்குப் பெயர்பெற்ற கோட்ஸ் நிறுவனத்துடன் இணைந்து மதுரா கோட்ஸ் ஆயிற்று.

தையல் நூலுக்கும் காலருக்கும் நேரடித் தொடர்புண்டு. காலர் விளிம்பில் ஓடும் மேல்தையலின் பருத்தி நூல், துணியைவிட அதிகமாகச் சுருங்கினால் விளிம்பு சுருக்கம் விழுந்து நெளியும். பாலியஸ்டர் நூல் சலவையில் பெரிதாகச் சுருங்காததால் அந்தச் சிக்கல் குறைந்தது.

மதுரா கோட்ஸின் ஆயத்த ஆடைப் பிரிவான மதுரா கார்மென்ட்ஸ் 1989-இல் லூயி பிலிப், 1990-இல் வான் ஹியூசன், 1993-இல் ஆலன் சோலி, 1997-இல் பீட்டர் இங்கிலாந்து சட்டைகளை இந்தியச் சந்தையில் அறிமுகப்படுத்தியது. இவ்வாறு கஞ்சியில்லாக் காலரைக் கண்டறிந்தவரின் பெயர், மதுரையில் வேர்கொண்ட நிறுவனத்தின் வழியாக இந்தியச் சட்டைகளில் ஏறியது. இந்தப் பிரிவு பின்னர் ஆதித்ய பிர்லா குழுமத்தின் வசமாயிற்று.

வடிவமைப்பு

கழுத்து கீழே அகன்றும் மேலே குறுகியும் இருப்பதால், நேர்ப்பட்டையாக வெட்டிய பட்டியின் மேல்விளிம்பு கழுத்தை விட்டு விலகி நிற்கும். ஆகவே பட்டியின் முன்முனைகள் மேல்நோக்கி வளைத்து வெட்டப்படுகின்றன. பின்புற உயரத்தைவிட முன்புற உயரம் சற்றுக் குறைக்கப்படுகிறது. சட்டையின் முன்கழுத்து போதிய ஆழம் இன்றி வெட்டப்பட்டால், காலர் எவ்வளவு தளர்வாக இருந்தாலும் தொண்டையை அழுத்தும். பட்டி உட்காரும் இடத்தில் டேப் வைத்து அளந்து, ஒரு விரல் நுழையும் அளவு தளர்வு சேர்ப்பது வழக்கம்.

மேல்மடிப்பின் அடித்துணி, மேல்துணியைவிட 2 அல்லது 3 மில்லிமீட்டர் சிறிதாக வெட்டப்படும். அப்போது தையல் விளிம்பு உள்ளே மறையும். நுனிகள் மேலே சுருளாமல் மார்புப் பக்கம் படியும். கேன்வாஸும் மேல்துணியும் வெவ்வேறு அளவில் சுருங்கினால் ஒட்டு விட்டுப்போய்க் காலரில் கொப்புளங்கள் தோன்றும். புதுச் சட்டை சில சலவைகளிலேயே கெடுவதற்கு இது முக்கியக் காரணம். தரமான தயாரிப்பில் இரண்டின் சுருக்கமும் முன்கூட்டியே சோதிக்கப்படும். ஒட்டும் இயந்திரத்தின் வெப்பம், அழுத்தம், நேரம் ஆகிய மூன்றும் கட்டுப்படுத்தப்படும்.

வெப்பநிலப் பயன்பாடு

மேல்நாட்டுக் காலர் டை கட்டி மேல் பொத்தான் போடுவதற்காக உருவானது. மதுரை போன்ற வெப்பமான ஊர்களில் பெரும்பாலோர் மேல் பொத்தானைத் திறந்தே அணிகின்றனர். இந்நிலையில் காலரைத் தாங்கி நிறுத்துவது பட்டியின் கேன்வாஸும் இரண்டாம் பொத்தானின் இடமும்தான். அப்பொத்தான் மிகக் கீழே இருந்தால் காலர் இருபுறமும் சரியும். மேல்மடிப்புக்கு மெல்லிய கேன்வாஸும் பட்டிக்குச் சற்று உறுதியான கேன்வாஸும் வைத்தால் வியர்வையிலும் உறுத்தாமல் நிற்கும்.

மடிப்பு நைந்த காலரைப் பிரித்து, அடிப்பக்கத்தை மேலாகத் திருப்பித் தைத்துத் தருவது தமிழகத் தையற்காரர்களின் பழைய வழக்கம். ஒட்டுக் கேன்வாஸ் பெரும்பாலும் மேல்துணியில் மட்டுமே ஒட்டப்படுவதால், இன்றைய ஆயத்தச் சட்டைகளில் இப்படித் திருப்பினால் முன்போலப் படிவதில்லை.

இந்திய நிறுவனங்களின் முறைசார் சட்டைகளில் அச்சிடப்படும் 39, 40, 42 போன்ற எண்கள் மார்பளவைக் குறிப்பவை அல்ல. பொத்தான் போட்ட நிலையில் காலரின் சுற்றளவைச் சென்டிமீட்டரில் குறிப்பவை.