முதல் ஆடியோகிராம்

ஆலையின் பிரஸ் ஷாப்பில் பல வருடம் நின்றவரின் ஆடியோகிராமை, அதாவது கேட்கும் திறனின் வரைபடத்தை, வாங்கியதும் என் கண் போவது 4000 ஹெர்ட்ஸுக்குத்தான். அதுவரை ஒழுங்காக வந்த கோடு அங்கே சடாரென்று இறங்கி, 8000-இல் கொஞ்சம் ஏறும். காக்ளியா என்னும் நத்தைச் சுருளில் மயிர்ச் செல்கள் இரைச்சலில் செத்துப்போன தடம் அது. செத்தவை திரும்ப வளராது.

1886-இல் கிளாஸ்கோவில் தாமஸ் பார் என்ற காது மருத்துவர் கொதிகலன் செய்யும் தொழிலாளர்கள் 100 பேரைச் சோதித்தார். கடிகாரத்தின் டிக் டிக் ஓசைதான் கருவி. ஒருவருக்குக்கூடக் காது முழுசாக இல்லை. 1920-களில் வால்வு வைத்த ஆடியோமீட்டர் வந்தது. சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். சென்னைக்கு அருகே ஒரகடத்தில் ஆலை வாசலில் வேனை நிறுத்தி நான் இன்றும் செய்வது அதையேதான். கன்டெய்னர் லாரி கடந்தால் அந்த உறுமல் வேனில் இருக்கும் சோதனை பூத்துக்குள்ளும் வரும். 500 ஹெர்ட்ஸை மறுபடி போட வேண்டும்.

பட்டன் இருப்பது தொழிலாளியின் கையில். நைட் ஷிஃப்ட் முடித்து நேரே வந்தவருக்குக் காது மரத்திருக்கும். இரைச்சலை விட்டு 14 மணி நேரமாவது ஆகியிருந்தால்தான் அளவை நம்பலாம். மெடிக்கலில் கழித்துவிடுவார்களோ என்று பயப்படுகிறவர், கேட்காததற்கும் அழுத்துவார். எனக்கு அவர்மேல் கோபம் வந்ததே இல்லை.

பட்டனே வேண்டாத சோதனைக்கு 1930-இல் பிரின்ஸ்டனில் வழி பிறந்தது. வீவர், பிரே என்ற இருவர் பூனையின் செவி நரம்பில் மின்முனை வைத்து, கம்பியை வேறு அறைக்கு இழுத்து டெலிபோன் ரிசீவரில் கொடுத்தார்கள். பூனையின் காதருகே ஒருவர் பேசியது அந்த ரிசீவரில் கேட்டது! அதில் பெரும்பகுதி நரம்பின் மின்சாரமல்ல, காக்ளியாவின் மின்சாரம் என்று பிறகு தெளிந்தது. 1971-இல் ஜூவெட்டும் வில்லிஸ்டனும், மனிதரின் தலைத்தோலில் மின்முனை ஒட்டியே, ‘க்ளிக்’ ஒலித்த 10 மில்லிசெகண்டுக்குள் எழும் அலைகளை வரிசைப்படுத்தினார்கள். அதுதான் இன்று பெரா (BERA) என்ற சோதனை. முதல் அலைக்கும் ஐந்தாவதுக்கும் இடைவெளி சுமார் 4 மில்லிசெகண்ட். அது நீண்டால் நரம்பில் கட்டி இருக்குமோ என்று பார்ப்போம். இடைவெளி சரியாக இருந்து கேட்கும் திறன் மட்டும் குறைந்திருந்தால் கோளாறு பெரும்பாலும் காக்ளியாவில். நோயாளி வாயே திறக்க வேண்டாம், கண்மூடிப் படுத்திருந்தால் போதும்.

1948-இன் தொழிற்சாலைகள் சட்டத்தில் இரைச்சலால் வரும் செவிக்குறைவும் அறிவிக்க வேண்டிய தொழில்நோய்ப் பட்டியலில் இடம்பெற்றது. இ.எஸ்.ஐ. சட்டத்திலும் இடம்பெற்றது. எங்கள் பக்கம் 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார்கள் வரத் தொடங்கி, 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலையும் வந்தது. உதிரிபாகக் கூடங்கள் வழிநெடுகப் பெருகின. இங்கே காண்ட்ராக்ட் பையன் ஒருவன் அப்ரன்டிஸாக ஓர் ஆலை, அடுத்து இன்னொன்று என்று மாறிக்கொண்டே இருக்கிறான். சேர்ந்த அன்று எடுத்த ஆடியோகிராம், எடுத்திருந்தால், அங்கேயே ஃபைலில் கிடக்கும்; அவன் கைக்கு வராது. மூன்றாவது இடத்தில் பள்ளம் தெரியும்போது, காது எங்கே போனது என்று கேட்பார்கள். பெராவும் அதைச் சொல்லாது. பழுது செவியின் எந்த இடத்தில் என்று காட்டும், எந்த ஆலையில், எந்த வருடம் என்று காட்டாது. அதற்கு முதல் தாள் வேண்டும். சேரும்போதே நகல் கேட்டு வாங்கு, ஆதாரோடு சேர்த்து வை என்று ஒவ்வொருவரிடமும் சொல்லியே பூத் கதவைச் சாத்துகிறேன்.