கைமாறிய பெட்டி

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1998-இல் எம்சி-505 என்றொரு தாளப்பெட்டியை விற்பனைக்கு விட்டது. மேசைமேல் வைத்து வாசிக்கிற பெட்டி. விரலால் தட்டப் பொத்தான்கள், திருகக் குமிழ்கள், மேலே கையை வீசினால் ஒலியை வளைக்கிற ஓர் ஒளிக்கண். டிரம், பேஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும். ஒரே ஆள் உட்கார்ந்து ஒரு குழுவின் வேலையைப் பார்க்கலாம்.

இந்தப் பெட்டி லண்டனில் ஒரு ஈழத்தமிழ்ப் பெண்ணின் கைக்கு வந்த வழியைச் சொல்ல 1976-க்குப் போகவேண்டும். அந்த ஆண்டுதான் வயர் என்ற குழு அங்கே கூடியது. காலின் நியூமன், கிரஹாம் லூயிஸ், புரூஸ் கில்பர்ட், டிரம்மர் ராபர்ட் கோடோபெட். முறையாகச் சங்கீதம் பயின்று வந்தவர்கள் அல்லர். மறுவருடம் வந்த பிங்க் ஃபிளாக் இசைத்தட்டில் 21 பாட்டுகள். மொத்தமும் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சொல்லவந்தது தீர்ந்ததும் பாட்டு நின்றுவிடும். சில பாட்டுகள் ஒரு நிமிடத்தைக்கூடத் தொடாது. 1980-இல் கலைந்தார்கள், 1985-இல் மீண்டும் சேர்ந்தார்கள். சேர்ந்தபின் பழைய பாட்டுகளைப் பாட மறுத்தார்கள். 1987 அமெரிக்கப் பயணத்தில் அந்தப் பழைய பாட்டுகளை வாசிக்கவென்றே வேறொரு குழுவைக் கூட்டிப்போய், தங்களுக்கு முன்னால் மேடையேற்றினார்கள். தம் புகழையே இப்படி ஒதுக்கிவைத்த குழுக்கள் அபூர்வம். அவர்கள்மேல் எனக்குள்ள மரியாதை அதனால்தான்.

பிறகு தாள இயந்திரம் உள்ளே வந்தது. டிரம்மருக்கு வேலை குறைந்தது. 1990 வாக்கில் கோடோபெட் விலகினார். மிச்சமிருந்த மூவரும் குழுப் பெயரின் கடைசி ஆங்கில எழுத்தை உதிர்த்துவிட்டுத் தொடர்ந்தார்கள். பின்னாளில் அவர் திரும்பி வந்தார், குழுவும் நீடித்தது. ஆனாலும் ஒரு டிரம்மரை வெளியே அனுப்பிய அதே வகை இயந்திரம்தான் பத்து வருடம் கழித்து இன்னொருத்தியை இசைக்குள் கூட்டிவந்தது.

வயருக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் நிற்பவர் எலாஸ்டிகா குழுவின் ஜஸ்டின் ஃபிரிஷ்மன். 1994-இல் வந்த அவர்களுடைய ‘கனெக்‌ஷன்’ பாட்டின் கிட்டார் வரி, வயரின் ‘த்ரீ கேர்ள் ரும்பா’வில் இருந்து வந்தது. வழக்கு வந்தது, நீதிமன்றத்துக்கு வெளியே பணம் கொடுத்துத் தீர்த்துக்கொண்டார்கள். பணம் கொடுத்தது நியாயம். ஆனால் அந்த வரி அப்படிக் கைமாறாமல் இருந்திருந்தால், 1977-இன் வயரைத் தொண்ணூறுகளின் பிள்ளைகள் தேடிப் பிடித்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

அந்த ஈழத்தமிழ்ப் பெண் ஃபிரிஷ்மனின் தோழி மாதங்கி அருள்பிரகாசம். மாயா என்பார்கள். பிறந்தது லண்டன், கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போருக்குள் வளர்ந்து, சில காலம் சென்னையில் இருந்து, எண்பதுகளின் நடுவில் தாயோடு அகதியாக லண்டன் திரும்பியவர். தாய் கலா தையல் வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தார். மாயா செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் சினிமா படித்தார். எலாஸ்டிகாவின் 2000-ஆம் ஆண்டு இசைத்தட்டுக்கு அட்டைப்படம் செய்தார். அவர்களுடைய அமெரிக்கப் பயணத்தைப் படம் பிடிக்கக் கேமராவோடு போனார். அந்த மேடைகளில் முதலில் பாடவந்தவர் கனடாவின் பீச்சஸ். கூட வாத்தியக்காரர் யாரும் இல்லை, ஒரு 505 மட்டும்தான். நீயும் இதில் செய்து பார் என்று மாயாவைத் தூண்டியவர் அவர்தான்.

லண்டன் திரும்பியதும் ஃபிரிஷ்மனிடம் இருந்த 505-ஐ இரவல் வாங்கினார் மாயா. கூடவே நான்கு தடம் பதிகிற ஒரு சின்ன ரெக்கார்டர். வாத்தியம் எதுவும் கற்றவர் இல்லை. பொத்தானைத் தட்டித் தட்டியே பிடித்துக்கொண்டார். ஆறு பாட்டுகள் தேறின. அதில் ஒன்று ‘கலாங்’. 2003-இல் வெறும் 500 பிரதி அச்சடித்தார்கள். 2005-இல் தந்தை பெயரில் ‘அருளர்’ இசைத்தொகுப்பு வந்தது. மாயாவின் மேடைப்பெயரான எம்.ஐ.ஏ. உலகம் சுற்றியது.

அடுத்ததைத் தாய் பெயரில், ‘கலா’ என்று வைத்தார். அமெரிக்க விசா சிக்கலாகிப்போனதால் 2006-இல் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தார். அப்படித்தான் சென்னை வந்தார். ஏ.ஆர். ரகுமான் தன் கோடம்பாக்கம் ஸ்டுடியோவைத் திறந்துவிட்டார். அங்கே மாயா பதிந்தது உறுமி.

உறுமியைத் தேடித் தெற்கே போகவேண்டும். வைப்பாறு கடலில் சேரும் கீழவைப்பார் கடற்கரையில் கோயில் திருவிழா என்றால் பேண்டு வாத்தியம். மேற்கே கரிசல் காட்டுக்குள், கம்பளத்து நாயக்கர் ஊர்களுக்குப் போனால் தேவராட்டத்துக்கு உறுமி. அவர்கள் தேவதுந்துபி என்பார்கள். இடுப்பு ஒடுங்கிய இருமுக மேளம். ஒரு பக்கம் நேர்க்குச்சி அடிக்கும். மறுபக்கத் தோலில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்க்க, அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல் எழும். அழுத்தம் கூடக்கூட முனகல் ஏறும். கை தளர்ந்தால் இறங்கும். எத்தனை பேர் சேர்ந்து தேய்த்தாலும் இரண்டு முனகல் ஒரே மாதிரி இருக்காது. சபா மேடைகள் இந்த மேளத்துக்கு அதிகம் இடம் கொடுத்ததில்லை. சாமி வந்து ஆடுகிற இடத்தில்தான் அதற்கு மரியாதை.

505-இல் நூற்றுக்கணக்கான ஒலிகள் உண்டு. அந்தத் தேய்ப்புக்கு மட்டும் ஆள்தான் வேண்டும். ‘கலா’வில் ‘பேர்ட் ஃப்ளூ’ என்ற பாட்டைக் கேளுங்கள். வளைகுச்சிக்காரர்கள் வரிசையாக இறங்குகிறார்கள். மாயாவின் குரல் அவர்களுக்கு நடுவே இடம்பிடித்துத்தான் பாடவேண்டியிருக்கிறது. பொத்தான் தட்டக் கற்ற காலத்து முரட்டுத் துண்டுவெட்டும் அதிலேயே கேட்கிறது. வைப்பாற்று முகத்துவாரத்துப் பிள்ளைகள் இந்தப் பாட்டை உறுமி தெரிந்த காதோடு கேட்கவேண்டும் என்பது என் ஆசை. லண்டன், நியூயார்க் விமர்சகர்கள் புதுச் சத்தம் என்று எழுதியதை அவர்கள் முதல் தேய்ப்பிலேயே அடையாளம் சொல்லிவிடுவார்கள்.