பெயரோடு அச்சேறிய சாவு: மலையகத்தில் போர்நினைவும் மரண அறிவித்தலும்

1915 ஏப்ரல் 25ஆம் நாள் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் கலிப்பொலிக் கரையில் இறங்கியபோது மலையகத்துத் துரைமார் சிலரும் அவர்களோடு இறங்கினர். 1900இல் உருவான இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையைச் சேர்ந்தவர்கள் அவர்கள். வெள்ளையருக்கு மட்டுமே இடமிருந்த படை அது. 1914 ஒக்டோபரில் மேஜர் ஹோல் பிரவுண் தலைமையில் 8 அதிகாரிகளும் 229 வீரர்களும் எகிப்துக்குக் கப்பலேறினர். சூயஸ் கால்வாய்க் காவலில் நின்றபின் அன்சாக் எனப்பட்ட அந்த அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையோடு இணைக்கப்பட்டு, அதன் தளபதி பேர்ட்வுட்டின் மெய்க்காவலராகக் கலிப்பொலியில் பணியாற்றினர். போர் முடிந்தபோது இப்படையினரில் 80 பேர் மாண்டிருந்தனர். 99 பேர் காயமுற்றிருந்தனர்.

மாண்டவர்களின் பெயரும் படைநிலையும் நாளும் எழுத்தில் நின்றுவிட்டன. அவர்கள் மேற்பார்த்த மலைகளில் அதே ஆண்டுகளில் செத்த தொழிலாளிக்குக் கிடைத்தது என்ன? செக்ரோல் என்னும் தோட்டத்து வேலைப் பதிவேட்டில் பெயர் வெட்டப்பட்டது. மரணப் பதிவேட்டில் ஒரு வரி ஏறியது. இரண்டையும் எழுதியவர்கள் பிறத்தியார். பெற்றவளின் சொல்லோ உடன்பிறந்தாளின் சொல்லோ அவற்றில் இல்லை. ஒரு சமூகம் தன் இறந்தோரை எப்படி நினைத்தது என்பதை அறிய நினைவுத்தூணையும் அரசுப் பதிவையும்விட, உறவினர் தம் கைக்காசில் பத்திரிகையில் போட்ட அறிவித்தலே வளமான சான்று என்பது இக்கட்டுரையின் வாதம். அவுஸ்திரேலிய வரலாற்றாய்வு இதை உணர்ந்து நெடுநாளாயிற்று. மலையக ஆய்வு இன்னும் அதைக் கையில் எடுக்கவில்லை.

முதலாம் உலகப்போரில் அவுஸ்திரேலியா சுமார் 60,000 பேரை இழந்தது. மிக அரிய விதிவிலக்குத் தவிர, அவர்களின் உடல்களை ஊருக்குக் கொண்டுவரப் பிரித்தானியப் பேரரசு இசையவில்லை. கலிப்பொலியின் லோன் பைன் நினைவுச்சின்னம், கல்லறை இன்னதென்று தெரியாத, அல்லது கடலில் அடக்கமான 4,900க்கு மேற்பட்டோரின் பெயர்களைத் தாங்கி நிற்கிறது. மெல்பனிலோ சிட்னியிலோ இருந்த தாய்க்குப் போய் அழ ஒரு குழிமேடு இல்லை. அங்கேதான் பத்திரிகை வந்தது. 'ஆர்கஸ்', 'சிட்னி மோர்னிங் ஹெரல்ட்' முதலிய நாளேடுகளில் கௌரவப் பட்டியல் என்றும் நினைவஞ்சலி என்றும் பத்திகள் நீண்டன. முதலில் சாவுச் செய்தி. பிறகு ஆண்டுதோறும் அதே நாளில் இரண்டு வரி, நான்கு வரிப் பாட்டு. ஏப்ரல் 25இலும் லோன் பைன் சண்டை தொடங்கிய ஆகஸ்ட் 6ஐ ஒட்டியும் இப்பத்திகள் தடித்தன.

படைத்துறை தன் கடிதத்தை நெருங்கிய உறவினர் ஒருவருக்கே அனுப்பும். மணமாகாதவன் செத்தால் தகப்பன் உயிரோடிருக்கும்வரை தகப்பனுக்குத்தான் முதலிடம், தாய் அடுத்தவள். பத்திரிகைப் பத்தியில் இந்த வரிசை செல்லாது. தாய், தங்கை, நிச்சயித்த பெண், கூட வேலைசெய்த தோழர்கள் என ஒருவனுக்கே நான்கைந்து அறிவித்தல்கள் தனித்தனியாக வந்தன. கல்லறைக் கல்லில் அந்த இடம்கூட இல்லை. 1917இல் அமைந்த பேரரசுப் போர்க் கல்லறை ஆணையம் உறவினருக்கு விட்டது 66 எழுத்துகள், இடைவெளி உட்பட. ஜோய் டமூசி 1999இலும் பார்ட் சீனோ 2007இலும் வெளியிட்ட நூல்கள் அந்நாட்டின் போர்க்காலத் துயரை வீடுகளுக்குள்ளிருந்து எழுதிக் காட்டியவை. அந்த வழியில் போகிற எவரும் இப்பத்திகளைக் கடந்து செல்ல முடியாது.

அப்பாட்டுகளைத் தேய்ந்த சொல்லடுக்கு என்று ஒதுக்குவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். இக்கருத்தை நான் ஏற்கவில்லை. ஒப்பாரி கேட்டு வளர்ந்த எவருக்கும் இதன் பிழை தெரியும். ஒப்பாரியிலும் அடிகள் ஏற்கெனவே இருப்பவைதான். அழுகிறவள் தன் உறவுமுறையை வைத்து அவற்றைத் தன்னுடையதாக்கிக்கொள்கிறாள். பொதுவில் அழுவதற்குப் பொதுவான சொல் வேண்டும். அச்சொல் பழையதென்பதால் அழுகை பொய்யாகிவிடாது.

மலையகத்துக்கு வருவோம். மலையகத் தமிழரின் சாவு பத்திரிகையில் முதலில் தோன்றியது எண்ணாகத்தான். 1840களில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தோரில் நான்கில் ஒரு பங்கினர், அதாவது 70,000 பேர், மாண்டிருப்பர் என 1849இல் 'கொழும்பு ஒப்சேவர்' கணக்கிட்டது. மன்னாரிலிருந்து மாத்தளை வரையிலான காட்டுவழியிலும் தோட்டங்களிலும் நேர்ந்த அச்சாவுகளை அது கூட்டிச் சொன்னதை நாம் மதிக்கவே வேண்டும்; பிறர் அதையும் செய்யவில்லை. ஆனால் அந்த எழுபதாயிரத்தில் ஒருவர் பெயரும் நமக்குக் கிட்டவில்லை. பின்னாளில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளியின் கழுத்தில் தகர வில்லை ஒன்று தொங்கியது. மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண். வழிச்செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவது என்பதற்கான ஏற்பாடு அது. அதே காலத்தில் பிரித்தானியப் படைவீரனும் கழுத்தில் ஒரு வில்லை அணிந்தான். அதில் அவன் பெயரும் மதமும் இருந்தன. செத்தால் அடையாளம் கண்டு, பெயரிட்டு, உரிய சடங்கோடு புதைப்பதற்காக.

பேரரசு தன் படையில் சேர்ந்த எல்லோரையும் இவ்வாறு நடத்தியதாக எண்ணவேண்டாம். அதே கல்லறை ஆணையத்தின் இன்றைய வடிவமான பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கை, முதலாம் உலகப்போரில் மாண்டோரில் குறைந்தது 116,000 பேர், ஒருவேளை 350,000 பேர் வரை, பெயரால் நினைக்கப்படவில்லை, அல்லது அறவே நினைக்கப்படவில்லை என ஒப்புக்கொண்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆபிரிக்காவையும் மத்திய கிழக்கையும் சேர்ந்தவர்கள். இரண்டாம் உலகப்போரில் சியாம் மரண ரயில்பாதையில் மாண்ட அவுஸ்திரேலியக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. அவர்களருகே செத்த மலாயாத் தோட்டத் தமிழரில் பெரும்பாலோருக்கு அது இல்லை.

தோட்டத்தில் சாவு விழுந்தால் தப்பு முழங்கும். பக்கத்துத் தோட்டங்களுக்குச் சேதி சொல்ல ஆள் போகும். லயத்து வாசலில் பெண்கள் கூடி அழுவர். கருமாதியோடு சடங்கு முடியும். இவற்றில் ஊரறிய அறிவித்தலும் உண்டு, நினைவும் உண்டு. எழுத்து மட்டும் இல்லை. புதைகுழி மேலும் தேயிலைதான். பெயரற்ற அந்த மண்மேட்டை இலக்கியமாக்கியவர் மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. டிக்கோயா வார்லி தேவாலயத்து முற்றத்திலோ துரைமாரின் கற்கள் பிறந்த ஊரும் வயதும் சொல்லி நிற்கின்றன.

1930இல் வீரகேசரியும் 1932இல் தினகரனும் தோன்றியபின் எழுத்து மெல்ல மலையேறியது. இங்கே ஒரு வரலாற்றுத் திருப்பத்தைக் கவனிக்க வேண்டும். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்தது. அண்ணன் ஹட்டனில், தம்பி நீலகிரியில் என்று குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பலும் 1980களில் நின்றது. தப்பொலி எட்டாத தூரத்தில் உறவுகள் இருந்தன. குழிமேட்டுக்குப் போக வழியற்றவர்களாக அவுஸ்திரேலியத் தாய்மார் இருந்த நிலைக்கு மலையகக் குடும்பங்கள் ஒப்பந்தத்தால் தள்ளப்பட்டன. மரண அறிவித்தலின் தேவை இங்கே பெருகியதை இந்தப் பிரிவோடு சேர்த்தே விளங்கிக்கொள்ள வேண்டும். இலங்கை வானொலியின் மரண அறிவித்தல்களை வேலையை நிறுத்தி உற்றுக் கேட்ட தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நம் அறிவித்தலின் அமைப்பே வரலாற்றாசிரியனுக்குக் கொடை. பிறந்த தோட்டம், வசித்த தோட்டம், பிரிவு, காலஞ்சென்ற பெற்றோர், மருமக்கள், எந்த நாட்டில் எந்தப் பிள்ளை, தகவல் தருவோர் யார் என்பனவெல்லாம் ஒரு சிறு கட்டத்துக்குள் அடங்குகின்றன. குடிசன மதிப்பீடு காட்டாத இடப்பெயர்வை இது காட்டும். கைவிடப்பட்ட தோட்டங்களின் பெயரும், பெயர் மாறிய பிரிவுகளின் பழைய பெயரும் இதில் பிழைத்திருக்கின்றன.

போர்நினைவுக்கு நிகரான ஆண்டு நினைவும் மலையகத்தில் உண்டு. 1940 ஜனவரி 10 அன்று முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் இறந்தார். 1977 மே 11 அன்று, நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக்காணி பறிபோவதை எதிர்த்தபோது டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு மாண்டார். இவர்களை அரசு நினைக்கவில்லை. தொழிற்சங்கத்தாரும் இளைஞரும் துண்டுப்பிரசுரத்திலும் பத்திரிகையிலும் நாளைக் குறித்துக் குறித்து நினைவை உயிரோடு வைத்தனர். அண்மை ஆண்டுகளில் ஜனவரி 10ஐ மலையகத் தியாகிகள் தினமாகக் கொள்ளும் வழக்கம் அதன் பயனே.

காசுள்ளவர்தான் அறிவித்தல் போட முடியும், ஆகவே இச்சான்று ஒருபக்கச் சாய்வுடையது என்ற மறுப்பு நியாயமானது. நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு ஓர் அறிவித்தல் பெருஞ்செலவு. ஆசிரியர், கங்காணி, கடைக்காரர் வீட்டுச் சாவுகளே கூடுதலாக அச்சேறியிருக்கும். ஒப்பாரியையும் சுவரொட்டியையும் கூடவே சேர்த்து வாசிப்பதுதான் இதற்கு மருந்து. சாய்வைக் காரணம் காட்டிச் சான்றையே விட்டுவிட்டால் துரைமாரின் கல்லெழுத்தும் செக்ரோலும் மட்டுமே மிஞ்சும்.

அவுஸ்திரேலியத் தேசிய நூலகம் பழைய நாளேடுகளை 'ட்ரோவ்' தளத்தில் எவரும் தேடும்படி வைத்ததால் அந்நாட்டில் இந்த ஆய்வு எளிதாயிற்று. நமக்கு நூலக நிறுவனம் இருக்கிறது; பேராதனைப் பல்கலைக்கழகமும் அதன் தமிழ்த்துறையும் இருக்கின்றன. வீரகேசரி, தினகரன் இதழ்களின் அறிவித்தல் பக்கங்களை ஆண்டுவாரியாக எண்மப்படுத்தி, தோட்டப் பெயர் அகரவரிசையில் சுட்டி தயாரிக்கும் பணியை இவை கூட்டாகத் தொடங்க வேண்டும். பத்திரிகைத் தாள் நெடுங்காலம் நிற்காது. அம்மாவின் பெட்டியில், சாமிப்படத்துக்குப் பின்னால், பழைய அறிவித்தல் துண்டை வைத்திருக்கும் வாசகர்கள் அதைப் படமெடுத்து, தோட்டத்தின் பெயரையும் நாளையும் எழுதி, அருகிலுள்ள நூலகத்திலோ பாடசாலையிலோ ஒரு படியை ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.