நரியாகந்த மோட்டார் பந்தயம்

இலங்கையின் ஊவா மாகாணத்தில், பதுளை மாவட்டத்துத் தியத்தலாவையில், மண் திடலில் நடத்தப்பட்ட கார், மோட்டார் சைக்கிள் ஓட்டப் போட்டி இது. ‘ஃபொக்ஸ் ஹில் சுப்பர் குரொஸ்’ என்பது இதன் அதிகாரபூர்வப் பெயர். தியத்தலாவையிலுள்ள இராணுவப் பயிற்சிக் கல்லூரி, மோட்டார் விளையாட்டு அமைப்புகளோடு சேர்ந்து 1990களிலிருந்து இதை நடத்தி வந்தது. இலங்கையில் பெருங்கூட்டம் திரளும் மோட்டார் பந்தயங்களில் ஒன்றாக இருந்த இது, 2024 ஏப்ரல் 21இல் நேர்ந்த விபத்தால் உலகச் செய்தியாயிற்று.

தியத்தலாவை, கொழும்பு–பதுளை ரயில் பாதையில் அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் இடையே, கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேல் இருக்கிறது. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள் இருந்தாலும், ஊரை ஒட்டிய மேடுகள் பெரும்பாலும் பத்தனைப் புல்வெளிகளே. தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகள் சுமார் 5,000 பேரைப் பிரித்தானியர் 1900இல் இங்கே கொண்டுவந்து அடைத்தனர். அன்று முதல் இது முகாம் ஊர். ‘ஃபொக்ஸ்’ என்ற போர்க்கப்பலின் மாலுமிகள் இங்குள்ள குன்றொன்றின் சரிவில் வெள்ளைக் கற்களால் பதித்த நரி உருவமே அக்குன்றுக்கு ‘ஃபொக்ஸ் ஹில்’, அதாவது நரியாகந்த, என்ற பெயரைத் தந்தது.

மலைநாட்டின் மோட்டார் பந்தயம் தோட்டத்துரைமாரின் பொழுதுபோக்காகத் தொடங்கியது. நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட தோட்டத்துச் சாலையில் நடக்கும் மலையேற்றப் போட்டியின் வரலாறு 1934 வரை பின்னோக்கிச் செல்கிறது. இங்கிலாந்தில் ஷெல்ஸ்லி வால்ஷ் என்னுமிடத்தில் 1905 முதல் நடந்துவரும் போட்டியின் வழி வந்த மரபு அது. அந்தச் சாலைகளை வெட்டியதிலும் செப்பனிட்டதிலும் தமிழகத்திலிருந்து வந்த தோட்டத் தொழிலாளரின் உழைப்பு பெரிது. பந்தயத்தின் வரலாற்றை எழுதுவோர் ஓட்டியவர்களின் பெயர்களைக் குறிக்கிறார்கள். சாலை போட்டவர்களைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

மலையேற்றப் போட்டியில் கார்கள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டுக் கடிகாரத்தோடு மோதும். நரியாகந்தவில் பல கார்கள் ஒரே நேரத்தில், செம்மண் பறக்க, முட்டி மோதி ஓடும். இந்த வகையும் ஐரோப்பாவிலிருந்தே வந்தது. மேடு பள்ளத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் போட்டி 1924இல் இங்கிலாந்தின் கேம்பர்லியில் தொடங்கியது. கார்களை அப்படிச் சேர்த்து ஓட்டும் ரலிகுரொஸ், 1967 பெப்ரவரியில் கென்ட் மாவட்டத்தின் லிடன் ஹில் திடலில், தொலைக்காட்சிக்காகவே ஏற்பாடு செய்யப்பட்டது.

இலங்கைப் பந்தயங்களில் ஓடுபவை பெரும்பாலும் ஜப்பானியக் கார்கள். ஆனாலும் மினி காருக்கெனத் தனிப் பிரிவு நெடுங்காலம் இருந்தது. சூயஸ் நெருக்கடியின் பெற்றோல் தட்டுப்பாட்டுக்குப் பின், சிக்கனக் கார் ஒன்று வேண்டுமென்று பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேஷன் கேட்க, அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1959இல் வெளிவந்தது மினி. இயந்திரத்தைக் குறுக்குவாட்டில் வைத்து முன் சக்கரங்களைச் சுழற்றியதால், 848 கனசென்ரிமீற்றர் இயந்திரம் கொண்ட அந்தச் சிறு கார் வளைவுகளில் நழுவாமல் திரும்பியது. அதன் வலுக்கூட்டிய கூப்பர் வகை 1964, 1965, 1967 ஆண்டுகளில் மொன்டே கார்லோ ரலியை வென்றது. கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த மலைநாட்டில் இந்தக் காருக்கு மதிப்பு இருந்ததில் வியப்பில்லை.

2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு, கொவிட், பொருளாதார நெருக்கடி என ஐந்து ஆண்டுகள் தடைப்பட்டிருந்த நரியாகந்த பந்தயம், 2024இல் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை நாட்களை ஒட்டி மீண்டும் நடந்தது. பெருந்திரளான மக்கள் திடலைச் சூழ்ந்து நின்றனர். ஓட்டத்தின் நடுவே ஒரு கார் கவிழ்ந்தது. வேகத்தைக் குறைக்கும்படி அலுவலர்கள் மஞ்சள் சமிக்ஞை காட்டினர். அப்படியிருந்தும் பின்னால் வந்த இன்னொரு கார் பாதையை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுமி உட்பட 7 பேர் இறந்தனர். 20 பேருக்கு மேல் காயமடைந்தனர். இறந்தவர்களில் பந்தய அலுவலர்களும் அடங்குவர். எஞ்சிய ஓட்டங்கள் நிறுத்தப்பட்டன. இராணுவம் விசாரணைக் குழு அமைத்தது.

மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீற்றரைக் கடக்கும். தளர்ந்த மண்ணில் சக்கரத்துக்குப் பிடிப்புக் குறைவு. பிரேக் பிடித்தாலும் கார் சறுக்கிக்கொண்டே போகும். சில மீற்றர் தள்ளி நிற்பவருக்கு விலகி ஓட நேரமே கிடைக்காது. ஆகவே ஓட்டுநரின் திறமையையோ கொடி அசைப்பவரின் விழிப்பையோ மட்டும் நம்பி மக்களை விளிம்பில் நிற்கவிட முடியாது.

ஐரோப்பா இதைப் பெரும் விலை கொடுத்தே கற்றது. 1955 ஜூன் 11இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில், பியர் லெவேக் ஓட்டிய மெர்சிடிஸ் மற்றொரு காரின் பின்புறத்தில் ஏறி எகிறி, மண் தடுப்பில் மோதிச் சிதறியது. அதன் பாகங்கள் கூட்டத்தில் விழுந்து 80க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தப் பருவத்தோடு மெர்சிடிஸ் பந்தயங்களிலிருந்து விலகியது. சுவிட்சர்லாந்து சுற்றோட்டப் பந்தயத்தையே தடைசெய்தது. லெ மானில் பார்வையாளர் மேடைகளும் கார்கள் நிற்கும் பகுதியும் திருத்திக் கட்டப்பட்டன. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் இத்தாலியின் மில்லே மீல்யா சாலைப் பந்தயத்தில், குவிதிட்சோலோ என்னுமிடத்தில் ஒரு ஃபெராரி காரின் டயர் வெடித்தது. ஐந்து குழந்தைகள் உட்படப் பார்வையாளர் 9 பேரும், ஓட்டுநரும் அவருடைய துணைவரும் இறந்தனர். பழைய வடிவில் அந்தப் பந்தயம் அதோடு முடிந்தது. காரைத் தயாரித்த என்ஸோ ஃபெராரி மீதே வழக்குத் தொடரப்பட்டது. 1961இல் அவர் விடுவிக்கப்பட்டார்.

நரியாகந்த விபத்தை மிகவும் ஒத்த எடுத்துக்காட்டு 1986 போர்த்துகல் ரலி. வேலியின்றிச் சாலையோரம் நெருக்கியடித்து நின்ற கூட்டத்தில் ஒரு ஃபோர்ட் கார் புகுந்து உயிர்களைக் குடித்தது. அவ்வாண்டின் இறுதியில் மிகை வலுவுள்ள ‘பி’ பிரிவுக் கார்களுக்கு உலக ரலியில் தடை விழுந்தது.

ஆக, மண்ணில் ஓட்டும் கலையோடு அதன் ஆபத்தும் தியத்தலாவைக்கு வரும் முன்பே உலகுக்குத் தெரிந்திருந்தது, தீர்வும் தெரிந்திருந்தது. உறுதியான தடுப்பு, அதற்கு வெளியே ஆளில்லாத இடைவெளி, அதன் பின் உயரத்தில் பார்வையாளர், தடம் மறிக்கப்பட்டால் ஓட்டத்தையே நிறுத்தும் சிவப்புக் கொடி. இந்த நான்கும் இல்லாமல் நரியாகந்தவில் இனி ஒரு பந்தயமும் நடத்தப்படக் கூடாது.